கிளிப் படம் ஏன் ஜெயித்தது

போன மாதம் நான்கு பையன்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ராஜபாளையத்தில் சினிமா ரசிகர் சங்கம் வைத்திருக்கிறார்களாம். வருஷம் முடியப் போகிறது, இந்த வருஷத்துப் படங்களில் எது முதல், எது இரண்டாவது என்று ஓட்டெடுக்கிறார்களாம். சீட்டு அச்சடித்துக் கொண்டு வந்திருந்தார்கள். பத்துப் படங்களின் பெயரை வரிசையாக எழுதிக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் படம் ஓட்டியவர் நீங்கள், உங்கள் ஓட்டு எங்களுக்குப் பெருமை என்றார்கள்.

நான் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அவர்களில் கண்ணாடி போட்ட ஒருவன், சங்கத்து மலருக்காக எழுதிய கட்டுரையை நீட்டினான். நம் பக்கத்தில் இந்த ஓட்டுப் பழக்கம் யுத்த காலத்திலேயே இருந்தது, ஸ்ரீவில்லிபுத்தூர் டென்ட் கொட்டகையில் நடந்த ஓட்டில் கிளிப் படம் முதலிடம் வந்தது, ஆண்டாள் கையில் கிளி இருக்கிறது, அதனால் அந்த ஊர்ப் பெண்கள் பக்தியோடு அந்தப் படத்தை ஜெயிக்க வைத்தார்கள் என்று எழுதியிருந்தான். யாரோ பெரியவர் சொன்னாராம். சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள் ஐயா என்றான்.

படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்தவர்களுக்குக் காப்பிகூடக் கொடுக்கவில்லை. எழுதித் தருகிறேன், போங்கள் என்று அனுப்பிவிட்டேன். அதுதான் இது. மலரில் போட இஷ்டமென்றால் போடுங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருத்த வேண்டாம்.

கிளிப் படம் குப்பை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்க்கவில்லை, கூண்டுக்குள் காதில் விழுந்ததும் ஜனங்கள் சொன்னதும்தான். ஒரு ராஜா, ஒரு சாபம், பேசுகிற கிளி ஒன்று. கிளி பேசினால் பரவாயில்லை, பாடியது. ராஜா அழுதுகொண்டே பாடுவார், கிளி பதில் பாடும். பாதிப் படத்தில் ஆட்கள் எழுந்து சோடா குடிக்கப் போய்விடுவார்கள். அதற்கு ஓட்டுப் போட்ட பெண்களுக்கும் அது குப்பை என்று நன்றாகத் தெரியும்.

நான் சேத்தூர்க்காரன். வயல் வேலை பிடிக்காமல் டென்டில் சேர்ந்தேன். முதலில் ஆயில் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு ரீல் சுற்றினேன். பிறகு மெஷின் பக்கத்தில் நிற்க விட்டார்கள். அதற்குள் சில வருஷம் போய்விட்டது. அடி வாங்கினேன், கற்றுக்கொண்டேன். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

அடித்தவர் தாசையா அண்ணாச்சி. டென்டின் தலைமை ஆபரேட்டர், பாளையங்கோட்டைப் பக்கத்து ஆள். மெஷின் நிற்கிற தகரக் கூண்டின் சூட்டில் நாங்கள் பனியனோடு நிற்போம். அவர் வெள்ளைச் சட்டையின் ஒரு பித்தானைக்கூடக் கழற்ற மாட்டார். மெஷினைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். துண்டில் துடைத்துவிட்டு, ஈரம் முழுக்கக் காய்கிறவரை இரண்டு கையையும் காற்றில் காட்டிக்கொண்டு நிற்பார், ஜெபம் பண்ணுகிற மாதிரி. வேர்வைக் கையால் பிலிமைத் தொட்டால் பிடரியில் அடி விழும். திட்ட மாட்டார். பேச்சே கம்மி.

படப்பெட்டி வந்ததும் ரீலை எடுத்து மாட்டிவிட மாட்டார். ஒவ்வொரு ரீலையும் கையால் சுற்றி, ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே விட்டுப் பார்ப்பார். ஓரத்துத் துளை பிய்ந்த இடம், வேறு ஊரில் யாரோ அவசரத்தில் ஒட்டிய இடம் எல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். கெட்ட ஒட்டை வெட்டி, மேல்பூச்சைப் பிளேடால் சுரண்டி, பிலிம் ஒட்டுகிற சிமென்ட் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துவார். வெட்டிய துண்டு தரையில் விழக்கூடாது, தண்ணீர் வாளிக்குள் போக வேண்டும். அந்தக் காலத்துப் பிலிம் தீக்குச்சியைவிட வேகமாகப் பிடித்துக்கொள்ளும்.

மெஷினுக்குள் இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவில் நெருப்பு நிற்கும். அந்த நெருப்புதான் திரையில் விழுகிற வெளிச்சம். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும். திருகைத் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ரொம்ப நெருக்கினால் ஒட்டிக்கொள்ளும். விட்டால் அணைந்துவிடும். யுத்தத்தில் நல்ல கார்பன் கிடைக்கவில்லை. கிடைத்த மட்டக் குச்சி திடீர் திடீரென்று மஞ்சள் அடிக்கும். அதனால் கறுப்புக் கண்ணாடி வழியாக நெருப்பையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சேர்ந்த புதிதில் நான் ஒரு நாட்டியக் காட்சியைக் கூண்டுச் சுவரின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன். பிடரியில் விழுந்தது.

“ஏலே அருளு, படம் பாக்கணும்னா டிக்கெட் வாங்கி மணல்ல போய் உக்காரு. இங்க நின்னா வெளிச்சத்தப் பாரு.”

அதற்குப் பிறகு நான் படம் பார்க்கவில்லை. எந்த ஆபரேட்டரும் பார்ப்பதில்லை. பையன்களிடம் சொன்னது இதைத்தான்.

எங்கள் டென்டுக்கு ஒரே ஊரில் நிற்க லைசென்ஸ் கிடையாது. பாதி வருஷம் ராஜபாளையம், மீதி ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம். ஓட்டு நடந்த வருஷக் கடைசியில் புத்தூரில் இருந்தோம். கார்த்திகை மழையில் கூட்டம் விழுந்துபோனது. முதலாளி ஒரு யோசனை கண்டுபிடித்தார். அந்த வருஷம் ஓட்டிய படங்களில் எது உசத்தி என்று ஜனங்களே ஓட்டுப் போட வேண்டியது. முதலிடம் வருகிற படத்தைப் பொங்கலுக்கு மறுபடி கொண்டுவந்து ஒரு வாரம் ஓட்டுவது. ஓட்டு என்பது கிழித்த டிக்கெட்டில் கையில் இருக்கும் பாதி. எத்தனை தடவை டிக்கெட் வாங்கினாலும் அத்தனை ஓட்டு. யோசனை எதற்கென்று புரிகிறதா?

மண்ணெண்ணெய் டின்களில் மேலே வாய் வெட்டி வாசலில் வைத்தோம். ஆண்கள் பக்கம் ஒரு வரிசை, மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்களுக்கு ஒரு வரிசை. படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு டின்னிலும் போஸ்டரிலிருந்து வெட்டிய படம் ஒட்டியிருந்தது. ஒன்றில் கத்தி, ஒன்றில் பாம்பு, ஒன்றில் மாமியார், ஒன்றில் கிளி. பார்வையாக இருக்கட்டுமென்று முதலாளி டின்னுக்கொரு வர்ணம் அடிக்கச் சொன்னார். பாம்புக்கு மஞ்சள் விழுந்தது.

இரண்டே நாளில் பாம்பு டின் நிரம்பிவிட்டது. பாம்புப் படம் ஓடியபோது ஆளில்லாமல் ஈ ஓட்டியது எங்களுக்கு ஞாபகமிருக்கிறது. முதலாளி வாசலில் நின்று ஒரு பெரியவரை மறித்து, மஞ்சள் டின்னில் ஏன் போட்டீர் என்று கேட்டார்.

“ஓட்டுன்னா மஞ்சப் பெட்டியிலதானய்யா போடணும்? போன தேர்தல்ல கட்சிக்காரவ தெருத்தெருவா வந்து சொல்லிக் குடுத்தாவளே” என்றார் அவர்.

யார் சொன்னாலும் கேட்கவில்லை. மஞ்சளைத் தாண்டி ஓட்டு விழவில்லை. கடைசியில் எல்லா டின்னுக்கும் தார் பூசிக் கறுப்பாக்கி, விழுந்த ஓட்டைக் கொட்டிவிட்டு, மறுபடி ஆரம்பித்தோம்.

அதற்குப் பிறகுதான் போட்டி சூடு பிடித்தது. ராஜபாளையத்து மில் பையன்களுக்குக் கத்திச் சண்டைப் படம் உயிர். வேலை முடிந்து சைக்கிளில் கும்பலாக வந்து கத்தி டின்னில் போட்டுவிட்டு, புத்தூர்க்காரர்களைப் பார்த்து, பால்கோவா தின்கிற வாய்க்குச் சண்டை எங்கே புரியும் என்று ஏசிவிட்டுப் போவார்கள். புத்தூர்க்காரர்கள் மாமியார் படத்தில் நின்றார்கள். கத்திதான் ஜெயிக்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

பெண்கள் பக்கத்தில் மட்டும் கிளி டின் கனத்துக்கொண்டே வந்தது.

அதற்குக் காரணம் சீனியம்மா. மம்சாபுரத்துக்காரி, கூலி வேலை. அவளை எனக்கு அப்போதே ஐந்து மாதமாகத் தெரியும். கிளிப் படம் ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்துக்காகப் போட்டது. அது ஓடி முடிந்த மறுநாள் காலையில், ரயிலடிக்குக் கொண்டுபோகப் பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் வந்து வண்டிப் பக்கத்தில் நின்றாள். நேற்றுக் காட்டியதை இன்னொரு தடவை காட்டுவீர்களா என்று கேட்டாள். படம் போகிறது ஆத்தா, இனிமேல் வராது என்றேன். கிளியை அவ்வளவு பிடித்துவிட்டதா என்று கேலியும் பண்ணினேன்.

“கிளி கெடக்கு நாசமாப் போறது. மொதல்ல பட்டாளத்துப் பயலுவளக் காட்டுனியள்லா, அதச் சொல்லுதேன்.”

படத்துக்கு முன்னால் யுத்தச் செய்தி காட்ட வேண்டும் என்பது அப்போது சர்க்கார் உத்தரவு. நியூஸ் ரீல் என்போம். காட்டாவிட்டால் லைசென்ஸ் போய்விடும். ஜனங்கள் அந்த நேரத்தில் பீடி பிடிப்பார்கள், விசிலடிப்பார்கள். அவள் சொன்னது இதுதான்: அந்த வாரத்து ரீலில், மலைக்காட்டில் நம் சிப்பாய்கள் வரிசையாக நின்று தகரக் குவளையில் தண்ணீர் பிடிக்கிறார்கள். அதில் ஒருவன் அவள் மகன் முத்தையா மாதிரி இருந்தான்.

முத்தையா பட்டாளத்துக்குப் போய் பர்மாப் பக்கம் இருப்பதாகக் காகிதம் வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை. செத்துவிட்டான் என்று ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. இவள் தேர் பார்க்க வந்து, கூட்டத்தோடு டென்டுக்குள் வந்து, மணலில் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் அவன் குனிந்து தண்ணீர் பிடிக்கிறான். நிமிர்ந்து திரும்புகிறான். அதற்குள் முன்னால் இருந்த ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். அவள் உட்கார்ந்தபோது திரையில் ஏரோப்பிளேன் பறந்துகொண்டிருந்தது.

“நட அவன் நடதான். தோளும் அவன் தோளுதான். காதுதான் பாக்க முடியாமப் போச்சு. சின்னதுல காதுல கெடந்த வளையத்த ஆட்டுக்குட்டி கடிச்சு இழுத்து, எடது காது பிஞ்சிருக்கும். அத மட்டும் பாத்துட்டேன்னா போதும் தம்பி.”

அவளுக்கு அவசரம் இருந்தது. மருமகள் பேச்சி எங்கள் சேத்தூர்ப் பெண். அவர்கள் வழக்கத்தில் அறுத்துக் கட்டலாம், வேறொருவனுக்குக் கொடுக்கலாம். பேச்சியின் அப்பா ஓர் இடமும் பார்த்து வைத்திருந்தார். கல்லுக் குண்டு மாதிரி இருக்கிற பிள்ளையை எத்தனை நாள் செத்தவன் பேரில் வைத்திருப்பது என்று எங்கள் தெருவிலேயே பேசினார். தை வரைக்கும் பார்ப்பது, தகவல் இல்லையென்றால் தாலியை இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று முடிவு. பேச்சிக்குப் போக இஷ்டமில்லை. மாமியாரோடு சேர்ந்து பருத்தி எடுத்துக்கொண்டு கிடந்தாள். அவனைப் பார்த்தேன், உயிரோடு இருக்கிறான் என்று சீனியம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பேச்சி அசைய மாட்டாள். ஆனால் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல சீனியம்மாவுக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண்ணின் வாழ்க்கையாச்சே என்றாள். அப்படிப்பட்டவள்.

முதலிடம் வருகிற படம் பொங்கலுக்குத் திரும்ப வரும் என்று முதலாளி தமுக்கடித்தது அவள் காதில் விழுந்தது. அவ்வளவுதான். பருத்திக் காட்டில், கண்மாய்க் கரையில், நாற்று நடுகிற இடத்தில் எல்லாம் போய்க் கேட்டாள். களத்துக் கூலியில் டிக்கெட் வாங்கிப் பெண்கள் வந்தார்கள். மாமியார் படத்தைப் பார்த்து மூன்று தடவை அழுதவர்கள் எல்லாம் கிளி டின்னில் போட்டார்கள். சிலருக்கு விஷயம் தெரியும், பலருக்குத் தெரியாது. ஒருத்தி டின்னுக்குப் பக்கத்தில் நின்று, “ஏட்டி, அந்த மூதேவிக் கிளிக்கு ஓட்டுப் போட்டா மறுபடியும் வந்து பாடித் தொலைக்குமேட்டி” என்றாள். இன்னொருத்தி, “காதப் பொத்திக்கிட்டு இரி. சீனியக்கா கேட்டுட்டா, போட்டுட்டு வா” என்றாள். ஆண்டாள் பேரை ஒருத்தியும் சொல்லவில்லை. கண்ணாடிக்காரப் பையன் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். நியூஸ் ரீல் படத்தோடு சேர்ந்ததில்லை. படம் ஒரு கம்பெனியுடையது. நியூஸ் ரீல் வேறு இடத்திலிருந்து வருவது. வாரம் ஒன்று வரும், ஊர் ஊராகப் போகும், பழசானதும் போய்விடும். மறுபடி கிளிப் படம் வந்தால் அந்த வாரத்துக்கு எது வருகிறதோ அந்த நியூஸ் ரீல்தான் வரும். சின்னத் தகர டப்பாவில் தனியாக வரும். ஆனால் ரயிலடியில் இரண்டு பெட்டிக்குக் கூலி கேட்பார்கள் என்று எங்கள் முதலாளி அந்த டப்பாவைப் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பச் சொல்லுவார். மதுரையில் பிரித்துக்கொள்வார்கள்.

ஓட்டு விஷயம் புரிந்ததும் நான் சீனியம்மாவிடம் போய் இதைச் சொன்னேன். பெண்கள் வாசலில் வைத்து, ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால். சுற்றி வளைக்கவில்லை. படம் வரும், முத்தையா வரமாட்டான் என்றேன்.

அவள் நம்பவில்லை. “அன்னைக்கு வண்டியில ஏத்தும்போது நான் நின்னு பாத்தேம்லா தம்பி. அந்தச் சின்ன டப்பாவப் பெரிய பெட்டிக்குள்ள வச்சது நீதான? ஒரே பெட்டியா மூடுனது நீதான? இப்ப வேற வேறங்க.”

நான் விளக்கினேன். அவளுக்குக் கேட்கப் பொறுமையில்லை. “மொதலாளியவே கேட்டுட்டேன். போன தரம் வந்த பெட்டி அப்படியே வரும்னு அவிய வாயால சொல்லிட்டாவ. நீ போயி ரீலச் சுத்து.”

முதலாளியிடம் போனேன். அவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அந்த அம்மாவிடம் இப்படிச் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னேன், அதற்கென்ன என்றார். நியூஸ் ரீல் வராதே என்றேன். வராது என்று அவருக்குத் தெரியாதா? தொழில் நடத்துகிறவர்.

“பெட்டி வரும்னுதானடா சொன்னேன். பெட்டி வருதா இல்லியா? பொம்பளக் கூட்டம் இப்பத்தான் பெருகுது. நீ போயி எதாவது ஒளறிக் கெடுத்துறாத. ஊருக்கு நியாயம் சொல்ல உன்ன நான் வைக்கல.”

அசட்டையாக ஒரு சிரிப்பு சிரித்தார். அவர் செத்து வெகு காலமாகிவிட்டது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மார்கழிக் கடைசியில் டின்களை மேடையில் கொட்டி எண்ணினார்கள். ஆண்கள் பக்கத்தில் கத்தி. பெண்கள் பக்கத்தையும் சேர்த்தபோது கிளி. மில் பையன்கள் மணலை வாரி இறைத்தார்கள். பொம்பளைகளுக்குப் படம் பார்க்கத் தெரியுமா, அந்த ஓட்டைச் சேர்க்கக்கூடாது என்று கத்தினார்கள். முதலாளி பேசுகிற குழாயைப் பிடித்து, ஆண்டாள் ஊரில் கிளி ஜெயிக்காமல் கழுகா ஜெயிக்கும் என்று ஒரு போடு போட்டார். கூட்டம் சிரித்துவிட்டது. உங்கள் மலரில் வருகிற பக்தி அந்த வாயிலிருந்து வந்ததுதான்.

பொங்கலன்று கிளிப் படம் வந்தது. பெட்டிக்கு மாலை போட்டு, கொட்டடித்து, ரயிலடியிலிருந்து தெருத்தெருவாக வண்டியில் கொண்டுவந்தோம். சீனியம்மா வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள். பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டாள்.

முதல் ஆட்டம். பெண்கள் பக்கம் நெரிசல். மம்சாபுரத்திலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். முன்னால் யாரும் எழுந்து மறைத்துவிடக்கூடாது என்று சீனியம்மாவும் பேச்சியும் முதல் வரிசை மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சி தலையில் பூ வைத்திருந்தாள்.

தாசையா அண்ணாச்சி நியூஸ் ரீலை மாட்டினார். அதில் பேசுகிற குரல் என் காதில் விழுந்தது. கப்பல் வந்தது. யாரோ துரை ஆஸ்பத்திரியைத் திறந்தார். பீரங்கி சுட்டது. முடிந்தது. படத்தின் முதல் பாகத்தை மாட்டுவதற்காக விளக்குப் போட்டபோது சீனியம்மா எழுந்து நின்றாள்.

“இது இல்லய்யா. மாத்திப் போட்டுட்டிய. தண்ணி பிடிக்கிறதப் போடுங்க.”

ஆண்கள் பக்கத்தில் ஒருவன், ஆத்தாளுக்குத் தாகமாம், சோடா கொடுங்கடா என்றான். டென்டே சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். நடுவில் வரும் என்று நினைத்துக்கொண்டாளோ என்னமோ.

இடைவேளையில் கூண்டுக்குப் பின்னால் வந்தாள். பேச்சியும் கூடவே வந்தாள். இடைவேளையில் அண்ணாச்சி வெளியே வரவே மாட்டார். குச்சி மாற்றுகிற நேரம் அது. அன்றைக்குத் திருகை என் கையில் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். தகரக் கதவு திறந்தே கிடந்தது. எல்லாம் கேட்டது.

“அண்ணாச்சி, பட்டாளத்துப் பயலுவ எப்ப வருவாவ?”

“வரமாட்டாவம்மா. அது வேற ரீலு. இந்தப் பெட்டியில கெடையாது.”

அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

“அது கெடக்கட்டும். அந்த வாரம் பூரா ஓட்டுனது நீங்கதான? தெனமும் பாத்திருப்பியளே. தண்ணி பிடிச்சிட்டுத் திரும்புவாம்லா, அவனுக்கு எடது காது எப்படி இருந்துச்சு?”

அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார். “ஏலே, நீ பாத்தியா?”

இல்லை என்று தலையாட்டினேன். எத்தனை ஆட்டம் அந்த ரீல் என் கை வழியாகப் போனது. அவன் காது இந்த விரல்களுக்கு நடுவில் போயிருக்கிறது.

“நாங்க வெளிச்சத்தத்தாம்மா பாத்துக்கிட்டிருந்தோம்” என்றார் அண்ணாச்சி. “ஆளப் பாக்கல.”

“அம்புட்டு நாளு ஓட்டிருக்கிய. ஒரு நாளு கூடவா பாக்கல?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நான் மறந்திருப்பேன். நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். அதற்குள் முதலாளி அந்தப் பக்கமிருந்து, இன்னும் ஏன் ஆரம்பிக்கவில்லை என்று சத்தம் போட்டார். பேச்சி அவள் கையைப் பிடித்து, “வாங்கத்த, போவோம்” என்றாள். வீட்டுக்குப் போவார்கள் என்று நினைத்தேன். மறுபடி மணலில் போய் உட்கார்ந்தார்கள். கூட வந்த பெண்களை விட்டுவிட்டுப் போக முடியாதே. கிளி கடைசிவரை பாடியது. அவர்கள் கடைசிவரை பார்த்தார்கள்.

தை பிறந்து சில நாளில் பேச்சியின் அப்பாவும் மாமன்மாரும் மம்சாபுரத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். சேத்தூரில் அந்த வண்டி திரும்பி வந்ததை நான் பார்த்தேன். பேச்சி பின்னால் உட்கார்ந்து, வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. மாசியில் அவளை வேறு இடத்தில் கட்டிக் கொடுத்தார்கள்.

தாசையா அண்ணாச்சி யாரிடமும் சொல்லாமல் லீவு போட்டு மதுரைக்குப் போனார். அவர் யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அங்கே நியூஸ் ரீல் அனுப்புகிற ஆபீஸ் வாசலில் இரண்டு நாள் நின்றிருக்கிறார். பழைய நியூஸ் ரீலை எல்லாம் கழித்துக் கட்டிவிடுவார்களாம். வெள்ளிப் பூச்சைக் கழுவி எடுத்துவிட்டு, மிச்சத்தை உருக்கி வளையல் பண்ண வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்களாம். திரும்பி வந்து வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு மம்சாபுரம் போய், சீனியம்மா வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்லிவிட்டு வந்தார். வளையலைப் பற்றிச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரத்திலிருந்து கூண்டுக்குள் ஒரு பழக்கம் மாறியது. நியூஸ் ரீல் ஓடும்போது ஒருவர் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும், இன்னொருவர் ஓட்டை வழியாகத் திரையைப் பார்க்க வேண்டும். அண்ணாச்சி போட்ட சட்டம். “காதப் பாருலே” என்பார். சிப்பாய்கள் வருகிற இடத்தில் எல்லாம் காதைப் பார்த்தேன். தொப்பி மறைக்கும், புகை மறைக்கும், ஆள் சட்டென்று திரும்பிவிடுவான். சில வாரம் ஓர் ஆளின் காதைப் பார்க்க ஆறேழு ஆட்டம் ஆகும்.

சீனியம்மா மறுபடி டிக்கெட் வாங்கவில்லை. புத்தூரில் டென்ட் போட்டிருக்கிற மாதங்களில், வாரக் கடைசியில், நியூஸ் ரீல் மாறுவதற்கு முந்தின நாளில், சாயங்காலம் வந்து கூண்டுக்குப் பின்னால் நிற்பாள். நியூஸ் ரீல் முடிந்ததும் நான் எட்டிப் பார்த்து இல்லை என்று தலையாட்டுவேன். சரி தம்பி என்று போய்விடுவாள். யுத்தம் முடிந்தது. சர்க்காரிலிருந்து ஒரு காகிதம் வந்தது. காணவில்லை என்று மட்டும் இருந்தது. அதற்குப் பிறகும் வந்தாள். பிறகு ஒரு வருஷம் டென்டைப் புத்தூருக்குக் கொண்டுவந்தபோது அவள் வரவில்லை. விசாரித்தேன். சித்திரையில் போய்விட்டாள் என்றார்கள்.

அண்ணாச்சிக்குக் கண் மங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்க அந்த நெருப்பைப் பார்த்தால் மங்காமல் என்ன செய்யும்? வேலையை விட்டுப் போகிற அன்றைக்குச் சாவியை என் கையில் கொடுத்தார். “வெளிச்சத்தப் பாரு. நியூஸ் ரீல்ல மட்டும் ஆளப் பாரு” என்றார்.

டென்ட் போய்க் கட்டடத் தியேட்டர் வந்தது. கார்பன் நல்லதாகக் கிடைத்தது. பிலிமும் தீப்பிடிக்காத பிலிமாக மாறிவிட்டது. நான் தலைமை ஆபரேட்டர் ஆனேன். ஆயிரக்கணக்கில் படங்கள் ஓட்டினேன். ஒன்றின் கதையும் முழுசாகத் தெரியாது. அதனால் தம்பிகளே, உங்கள் சீட்டில் எழுத என்னிடம் பத்துப் பெயர் இல்லை. ஒரு பெயர்கூட இல்லை. வெறுமனே திருப்பி அனுப்புகிறேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் போட்ட நியூஸ் ரீலில் எங்கேயோ வடக்கே வெள்ளம். பட்டாளத்துப் பையன்கள் வரிசையாக நின்று ஜனங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். முத்தையா இருந்தால் அவனுக்கும் என் வயசு, தலை நரைத்திருக்கும். இருபது வயசுப் பையன்களிடம் அவனைத் தேடுவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். மெஷினை உதவி ஆளிடம் விட்டுவிட்டு ஓட்டைப் பக்கம் போய் நின்றேன். ஒவ்வொருத்தனாகப் பார்த்தேன். எல்லாக் காதும் முழுசாக இருந்தது.